‘டிஸ்கஸ் எபவுட்’ குற்றமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கில வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம், பிள்ளைகள் அதிகம் விடும் பிழை எது என்று கேட்டுப் பாருங்கள். ‘டிஸ்கஸ் எபவுட்’ அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். கூடவே ‘கோப் அப் வித்’, ‘ரிக்வெஸ்ட் ஃபோர்’, ‘எம்பசைஸ் ஒன்’, ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் ஹிம்’ எல்லாம் வரும். வினைச்சொல்லுக்குப் பின்னால் வேண்டாத முன்னிடைச்சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது, உடனே சிவப்பு மை வட்டம் போடுகிறது. களனி ஆற்றைத் தாண்டினால் வேறு குரல் கேட்கும். களனிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த மனீக் குணசேகர, ‘த போஸ்ட்கொலோனியல் ஐடென்டிட்டி ஒஃப் ஸ்ரீலங்கன் இங்கிலிஷ்’ என்ற நூலை 2005இல் வெளியிட்டார். இலங்கை ஆங்கிலம் பிரித்தானிய ஆங்கிலத்தின் பழுதுபட்ட பிரதியல்ல, தனக்கென விதிகளைக் கொண்ட ஒரு வகை என்பது அவருடைய நிலைப்பாடு. இரண்டு ஆண்டுகளில், 2007இல், மைக்கல் மெய்லரின் இலங்கை ஆங்கில அகராதியும் வந்துவிட்டது.

பல்கலைக்கழகம் வழக்கு என்கிறது, ரியூஷன் வகுப்பு பிழை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓ.எல். எழுதும் பிள்ளையும், ஐஈஎல்டிஎஸ் எழுதிக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போக நினைக்கும் இளைஞரும் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்காமல் இவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஆசிரியர்களின் வாதம். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால்தான் இந்தப் பிழை வருகிறது என்கிறார்கள். ‘அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் ‘எபவுட்’ ஆகிறதாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் இதே ‘டிஸ்கஸ் எபவுட்’ உண்டு. நைஜீரியர் தமிழில் நினைப்பதில்லை. காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘டோக் எபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் எபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் எபவுட்’ மட்டும் ஏன் பிழை? ‘எம்பசிஸ் ஒன்’ என்று பெயர்ச்சொல்லோடு வரும் ‘ஒன்’னைத்தான் பிள்ளை வினைச்சொல்லுக்கும் கொண்டுபோகிறது. ‘கீப் அப் வித்’தும் ‘புட் அப் வித்’தும் பக்கத்தில் இருப்பதால் ‘கோப்’புக்கும் ஓர் ‘அப்’ கிடைக்கிறது. மொழியின் ஒழுங்கைக் கண்டுகொண்ட மூளை செய்யும் வேலை இது. ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் ஹிம்’ மட்டும் உண்மையிலேயே நம் மண்ணிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. தமிழில் ‘அவரிடம் கேட்டேன்’ என்கிறோம், யாழ்ப்பாணத்தில் ‘அவரிட்டைக் கேட்டன்’ என்பார்கள். சிங்களத்திலும் ‘கேள்’ என்ற வினைக்கு வேற்றுமை உருபு வேண்டும்.

முன்னிடைச்சொல்லைப் பொறுத்தவரை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கூட ஒத்துப்போவதில்லை. ஒரு முடிவை எதிர்க்கும்போது பிரித்தானியர் ‘ப்ரொடெஸ்ட் எகெய்ன்ஸ்ட்’ என்பார்கள், அமெரிக்கர் ‘எகெய்ன்ஸ்ட்’ இல்லாமல் ‘ப்ரொடெஸ்ட்’ மட்டும் போடுவார்கள். அமெரிக்கர் ‘மீட் வித்’ என்றால் அது அமெரிக்க வழக்கு. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ‘டிஸ்கஸ் எபவுட்’ என்றால் அது பிழை. ஆங்கிலத்தின் இந்த அதிகாரத்தைப் பற்றி மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரைக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் வாள் என்று பொருள். பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் அது. அந்த வாள் எல்லோர் மேலும் ஒரேமாதிரி இறங்குவதில்லை. கொழும்பில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் ‘ஸ்விட்ச்’ இல்லாமல் வெறுமனே ‘ஒஃப் த லைட்’ என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையே பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆங்கிலம் கற்ற பிள்ளை எழுதினால் புள்ளி போகிறது. இந்த அநீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததற்காக இலங்கை ஆங்கில ஆய்வாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவர்களைப் பின்பற்றிப் பேசுவோர் பலர் ‘இது எங்கள் ஆங்கிலம்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எங்களுடையது என்பதால் மட்டும் ஒரு வழக்கு தேறிவிடாது. ‘கெட் டவுன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை வரவழைப்பதற்கு இலங்கையர் எல்லோரும் சொல்வது இதுதான். வெள்ளவத்தைக் கடைக்காரர் ‘சிங்கப்பூரிலிருந்து இறக்கினது’ என்று தமிழில் சொல்வதற்கும் இதற்கும் உறவு உண்டு. பொருள் தெளிவு, படித்தவரும் படியாதவரும் சிங்களவரும் தமிழரும் சொல்கிறார்கள், இதை இவ்வளவு நயமாகச் சொல்ல பிரித்தானிய ஆங்கிலத்திலும் எளிதில்லை. இது தேறும். பட்டம் பெற்று வெளியேறுவதை ‘பாஸ் அவுட்’ என்பதும் அப்படியே. இராணுவப் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கு இங்கிலாந்திலும் அதே சொல்தான். ஆனால் லண்டன் வைத்தியரிடம் ‘மகன் போன வருஷம் பாஸ் அவுட் ஆனான்’ என்றால், அவர் மயக்கத்துக்கு மருந்து தேடுவார். எந்தச் சபையில் எது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆசிரியரின் வேலை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஐஈஎல்டிஎஸ் அகடமிக் எழுத்துத் தாளின் முதற்பகுதியில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 150 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஓர் எண் 20இலிருந்து 30க்கு உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ரோஸ் டு 30’ என்றால் சரி. ‘ரோஸ் பை 30’ என்று எழுதினால் எண் 50 ஆகிவிடும். ஒரு சின்னச் சொல் கணக்கையே மாற்றிவிட்டது. இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. பெற்றோல் விலை ‘20 ரூபாவால் அதிகரிப்பு’ என்ற தலைப்பையும் ‘20 ரூபாவாக அதிகரிப்பு’ என்ற தலைப்பையும் யாராவது ஒன்றென்று வாசிப்பார்களா? ‘ஆல்’, ‘ஆக’ என்ற இரண்டு உருபுகளின் வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கு ‘பை’, ‘டு’ இரண்டையும் ஐந்து நிமிடத்தில் விளக்கலாம். ‘புட் ஒஃப்’ என்றால் கூட்டம் தள்ளிப்போடப்பட்டது, ‘கோல் ஒஃப்’ என்றால் கைவிடப்பட்டது. மாறிப் புரிந்துகொண்டால் ஒரு நேர்முகத் தேர்வே கைநழுவும். ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் ஹிம்’ என்றால் யாருக்கும் விளங்கும், தீங்கில்லை. ‘ஆஸ்க்ட் ஆஃப்டர் ஹிம்’ என்றால் நலம் விசாரித்தார் என்று பொருள். முந்தியதற்கு வட்டம் போடும் சிவப்பு மை, பிந்தியதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

சொல்லிக்கொடுக்கும் இடங்களிலும் முறை சரியில்லை. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் மரபுத்தொடர் வளத்தையும் பார்ப்பார்கள் என்பதால், ஃபிரேசல் வேர்ப் பட்டியல்களை ஃபொட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறார்கள். ‘கெட்’டின் கீழ் இருபது, ‘டேக்’கின் கீழ் இருபது, எல்லாம் மனப்பாடம். பட்டியலைப் பரீட்சை வரை நினைவில் வைத்திருக்கலாம், பிறகு போய்விடும். வினையோடு சின்னச் சொல் சேரும் இந்த இணைப்புகள்தான் வெளியாருக்கு மிகக் கடினமானவை என்று சாமுவேல் ஜோன்சன் 1755இலேயே தம் அகராதியின் முன்னுரையில் எழுதினார். ஃபிரேசல் வேர்ப் என்ற பெயர் அச்சேறியதோ 1925இல், லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூலில்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அதை நம் வகுப்பறைகள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ‘அப்’, ‘ஒஃப்’, ‘அவுட்’ போட்டுச் செய்யும் வேலையில் பெரும்பகுதியைத் தமிழ் துணைவினையால் செய்கிறது. ‘குடித்தான்’ வேறு, ‘குடிச்சுப்போட்டான்’ வேறு. பின்னதில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. ‘ட்ரிங்க் அப்’பிலும் ‘யூஸ் அப்’பிலும் உள்ள ‘அப்’ அதைத்தான் சொல்கிறது. ‘கண்டுபிடி’ என்பதில் காணவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவது பொருள் பிறக்கிறது. அதை ஐந்து வயதில் அறிந்த பிள்ளைக்கு ‘ஃபைண்ட் அவுட்’ ஏன் மிரட்டலாகத் தெரிய வேண்டும்? எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ‘கிவ் அப்’பின் ‘அப்’ ஏன் கைவிடுதலைக் காட்டுகிறது என்பதற்குத் தமிழில் விடை கிடைக்காது. அப்படிப்பட்டதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், பட்டியல் பாதிக்கு மேல் குறையும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பேச்சில் வரும் ‘டிஸ்கஸ் எபவுட்’டும் ‘ஆஸ்க்ட் ஃப்ரொம்’மும் ‘ஒஃப் த லைட்’டும் குற்றமல்ல. திருத்திப் பிள்ளையின் பேச்சை நடுவில் நிறுத்துவதுதான் தவறு. பரீட்சைக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘எபவுட்’டை விட்டுவிடச் சொல்லலாம், புள்ளி வெட்ட வேண்டியதில்லை. ‘கெட் டவுன்’ போன்றவற்றை உள்நாட்டு எழுத்தில் நிமிர்ந்தே எழுதலாம். களனி சொன்னதில் இந்தளவு முழுதாகச் சரி. பொருளையும் கணக்கையும் புரட்டும் இடங்களில் மட்டும் களனியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. அங்கே ரியூஷன் ஆசிரியரின் கண்டிப்பு வேண்டும், இப்போது இருப்பதைவிடக் கூடுதலாகவே வேண்டும். இந்த இரண்டு வகையையும் பரீட்சைப் புள்ளியிடும் திட்டம் வெளிப்படையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தமிழ் மொழிமூல வகுப்புகளுக்கான ஆங்கில ஆசிரியர் கைநூலில் ‘விடு’, ‘போடு’ என்ற துணைவினைகளுக்கும் ‘ஆல்’, ‘ஆக’ என்ற உருபுகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட வேண்டும்.