ஒரு மாறியின் புதுப் பெயர்

பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் குளோபல் மாறி ஒன்றுக்கு ‘ஃபிளாக்’ என்று மொட்டையாகப் பெயர் இருந்தால், நிரலைப் படிப்பவரின் கண் அங்கே ஒவ்வொரு முறையும் இடறும். அதை ‘நெட்வொர்க்_ரெடி’ என மாற்றுவது நயமான கைவேலை. முழுச் சொல்லாகத் தேட வேண்டும். இல்லையேல் பக்கத்திலிருக்கும் ‘ஃபிளாக்ஸ்’ என்பதும் சேர்ந்து வெட்டுப்படும். ஏதோவொரு ஃபங்ஷனுக்குள் அதே பெயரில் வாழும் உள்மாறியைத் தொடாமல் விலக வேண்டும். சி மொழியில் அறிவிப்பை மட்டும் முதலில் மாற்றிவிட்டு கம்பைலரை ஓட்டினால், பழைய பெயர் மிச்சமிருக்கும் இடங்களை அது பிழைகளாக வரிசைப்படுத்தும். அந்த வரிசை குறையக் குறையப் பிறக்கும் நிம்மதி அலாதியானது. கமென்ட்டுகளும் மேற்கோள் குறிக்குள் உள்ள செய்திகளும் கம்பைலருக்கு எட்டாதவை; அவற்றைப் பொறுமையான கண்தான் பிடிக்கும்.

நல்ல பெயர் காவலும் செய்யும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்றொரு கோப்புறை இருந்தது. வெறும் லாக் கோப்புகள்தானே என்று, வட்டில் இடத்தை மீட்க அதைச் சிலர் அழித்துவிட, தரவுத்தளமே பாழானது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 2017-இல் வந்த 10ஆம் பதிப்பில் அது ‘பிஜி_டபிள்யூஏஎல்’ ஆயிற்று. இத்தகைய பெயர் மாற்றத்தைத் தனியொரு கமிட்டாக, வேறெந்தத் திருத்தமும் கலக்காமல் பதிவது அழகு. சரிபார்ப்பவர் பழைய வரியையும் புதிய வரியையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, பெயரைத் தவிர எதுவும் அசைந்திருக்காது.