சாம் ஜான்சன் ஏன் கடனாளி ஆனார்?

ராபர்ட் காரோ எழுதிய லிண்டன் ஜான்சன் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதி ‘தி பாத் டு பவர்’ 1982-ல் வந்தது. போன மாசம் அதை மறுபடி கையில் எடுத்தேன். இந்த முறை அமெரிக்க ஜனாதிபதியான லிண்டனுக்காக இல்லை, அவருடைய அப்பாவுக்காக. சாம் ஈலி ஜான்சன், டெக்சாஸ் மாநில சட்டமன்றத்தில் ஒரு கிராமப்புறத் தொகுதியின் உறுப்பினர். நம்ம பாஷையில எம்எல்ஏ. முதல் வாசிப்பில் என்னை அப்படியே கட்டிப்போட்டது இவர் வருகிற பக்கங்கள்தான். இப்போ அதே பக்கங்களில்தான் காரோவோடு எனக்கு ஒத்துப்போகலை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிடறேன். சாம் பிறந்தது 1877-ல். ஊர், ஆஸ்டினுக்கு மேற்கே ‘ஹில் கன்ட்ரி’ என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். அவருடைய அப்பாவும் (அவர் பேரும் சாம்தான்) 1892-ல் பாப்புலிஸ்ட் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்கு நின்றவர். எதிர்த்து நின்ற சொந்த மருமகனிடமே தோற்றார். மகன் 1904-ல் ஜெயித்தார், 1906-ல் மறுபடியும். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஜோசப் பெய்ன்ஸ். அவருடைய மகள் ரெபேக்கா பத்திரிகைக்காக சாமைப் பேட்டி எடுக்க வந்தார், 1907-ல் கல்யாணம், 1908-ல் லிண்டன். அப்புறம் பத்து வருஷம் போல சட்டமன்றத்துக்கு வெளியே. 1918-ல் திரும்பி வந்தவருக்கு 1923 கூட்டத்தொடர்தான் கடைசி.

அந்தக் காலத்து டெக்சாஸ் அரசியலமைப்புச் சட்டம் உறுப்பினருக்கு வைத்த படி, முதல் 60 நாளுக்கு அதிகபட்சம் நாளுக்கு 5 டாலர். அதுக்கு மேல கூட்டம் நீண்டால் 2 டாலர். கூட்டத்தொடர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இதை வைத்துக்கொண்டு தலைநகரில் தங்கிச் சாப்பிட வேண்டும், ஊரில் விவசாயத்தையும் பார்க்க வேண்டும். ரயில்வே, எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் சாப்பாட்டுக்கும் சாராயத்துக்கும் காசு கொடுக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். சாம் குடிக்கிறவர்தான், ஆனால் தன் காசில் குடித்தார் என்று காரோ காட்டுகிற இடம் அபாரம். ஒரு மாநிலத்தின் ஊழல் முழுக்க அந்த ஒரு மேசையில் தெரிந்துவிடுகிறது.

1907-ல் ஜோசப் பெய்லியை மறுபடி செனட்டுக்கு அனுப்பும் ஓட்டெடுப்பு. ஸ்டாண்டர்ட் ஆயிலோடு சேர்ந்த வாட்டர்ஸ்-பியர்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்கியவர் என்று பெய்லி மேல் குற்றச்சாட்டு இருந்தது. மாநிலமே அவருக்குப் பயந்தபோது சாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார். 1918-ல் போர்க்கால வெறியில் ஜெர்மன் வம்சாவளிக்காரர்களைக் குறிவைத்தபோது அதை எதிர்த்துப் பேசினார். ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் நிறையப் பேர் ஜெர்மானியர்கள் என்பதையும் சொல்லிடணும்.

அப்புறம் 1923-ன் ‘ப்ளூ ஸ்கை’ சட்டம். வெறும் வானத்தைப் பங்குப் பத்திரமாக விற்கிறவர்களைத் தடுக்கிற சட்டம் என்பதால் அந்தப் பேர். டெக்சாஸில் எண்ணெய் கிடைக்க ஆரம்பித்ததும், கிணறே இல்லாத எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குகள் தபாலில் விற்பனைக்கு வந்தன. முதலில் வட துருவத்தை அடைந்தது நானே என்று சொல்லிக்கொண்ட ஃப்ரெடரிக் குக், ஃபோர்ட் வொர்த்தில் இந்த மோசடிக்காகத்தான் அதே 1923-ல் தண்டனை பெற்றார். ஏமாந்தவர்கள் சாதாரண ஜனம். சாம் கொண்டுவந்த சட்டம் அவர்களுக்கானது.

இனி சரிவு. 1906-லேயே பருத்தி வியாபாரத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர், 1920-ல் பெடர்னாலஸ் ஆற்றங்கரையில் இருந்த பூர்வீக நிலத்தை ரொம்ப அதிக விலை கொடுத்து, கடன் வாங்கி, வாங்கினார். அந்த வசந்தத்தில் பருத்தி பவுண்டு சுமார் 40 சென்ட். டிசம்பரில் 15 சென்டுக்கும் கீழே. 1922-ல் நிலம் கையை விட்டுப் போனது, கடன் மட்டும் நின்றது. சாகும்வரை அது தீரவில்லை. தான் சட்டமன்றத்தில் பாடுபட்டு வாங்கிக்கொடுத்த சாலையிலேயே பிறகு வேலை பார்த்தார். ஊர் சிரித்தது.

காரோ இதை ஒரு மகனின் கண் வழியாகச் சொல்கிறார். அப்பாவின் கூடவே சட்டமன்றத்துக்குப் போய் வேடிக்கை பார்த்த, அப்பா மாதிரியே நடந்து பேசிய பையன், அந்த அப்பா ஊர்ச் சிரிப்பாக ஆனதைப் பார்க்கிறான். லட்சியம் சோறு போடாது என்று முடிவெடுக்கிறான். கதையாக இது அசைக்க முடியாதது. ஆனால் கணக்காகப் பார்த்தால் இரண்டு பேரேடுகளை ஒன்றாகக் கலந்த மாதிரி இருக்கு. சாம் அழிந்தது சட்டமன்றத்தில் இல்லை, பருத்தி வயலில். அங்கே அவர் நல்லவராக இருந்ததால் தோற்கவில்லை, தப்பான வருஷத்தில் தப்பான விலைக்கு நிலம் வாங்கியதால் தோற்றார்.

இதை காரோவை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை என்பதுதான் வேடிக்கை. ஹில் கன்ட்ரிக்கே குடிபோய் வருஷக்கணக்கில் தங்கியவர். ஜான்சன் குடும்பத்து உறவுக்காரப் பெண் ஒருவர் அவரை நிலத்துக்குக் கூட்டிப்போய், குனிந்து மண்ணுக்குள் விரலை விடச் சொன்னாராம். விரல் முழுசாக இறங்கவில்லை, கீழே பாறை. மேலே பார்க்கப் பச்சைப் புல். சாமுடைய கதைக்கு அந்த விரலே போதும்.

லஞ்சம் வாங்கியிருந்தால் அந்த இரண்டு மோசமான வருஷத்தைத் தாண்டியிருப்பாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1920-21-ல் தெற்கு மாநிலங்கள் முழுக்க பருத்திக்காரர்கள் நொடித்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சட்டமன்றத்தின் படியைக்கூட மிதித்தவர்கள் இல்லை.

எனக்கு இது ஏன் முக்கியம்? அடுத்த தொகுதியில் 1948 செனட் தேர்தல் வருகிறது. அலீஸ் என்ற ஊரின் 13-ஆம் பெட்டியில் கடைசி நேரத்தில் சேர்ந்த ஓட்டுகள், 87 ஓட்டு வித்தியாசத்தில் லிண்டன் வெற்றி. காரோ அதைக் கொஞ்சமும் மன்னிக்கவில்லை. ஆனால் முதல் தொகுதியின் அப்பாவைச் சுமந்துகொண்டு அங்கே வந்து சேர்கிற வாசகர் மன்னிக்கிறார். ‘அவன் அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவன், வேற என்ன செய்வான்’ என்று எனக்கே முதல் தடவை தோன்றியது.

இன்னொன்று, யார் சொல்லி நமக்கு இந்த அப்பா தெரிகிறார் என்பது. லிண்டனின் தம்பியை ஜான்சன் சிட்டியில் பழையபடி அமைத்து வைத்திருக்கும் அந்த வீட்டுக்கே கூட்டிப்போய், சின்ன வயசில் உட்கார்ந்த அதே இடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, அப்பாவும் அண்ணனும் போட்ட சண்டைகளைப் பேசவைத்தார் காரோ. அதை அவரே ‘வொர்க்கிங்’ புத்தகத்தில் சொல்கிறார். ஆராய்ச்சி முறை என்றால் இதுதான், எனக்குப் பொறாமையே உண்டு. ஆனால் அந்த மேசையில் கிடைக்கக்கூடிய சாம், கடன் ஏறி, பிள்ளையோடு கத்துகிற சாம் மட்டும்தான்.

சட்டமன்றத்தில் கூட இருந்தவர்களுக்குத் தெரிந்த சாம் வேறு. ரைட் பேட்மன் 1920-களில் அங்கே அவருடைய சகா. சாம் ரேபர்ன் 1907-லேயே சகா. ரெண்டு பேரும் பிறகு வாஷிங்டனில் பெரிய ஆட்களானார்கள். லிண்டன் அங்கே போனபோது, ரேபர்னிடம் அவருக்குக் கதவு திறந்ததில் அப்பாவின் பெயருக்கும் பங்கு உண்டு. காசு இல்லாத அப்பா விட்டுப்போன ஆஸ்தி அது. இதுவும் காரோ புத்தகத்திலேயே இருக்கு, நூற்றுக்கணக்கான பக்கம் தள்ளி. அதே ரேபர்ன்தான் 1933-ல் நாடு முழுமைக்குமான பங்குப் பத்திரச் சட்டத்தை பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர். சாமின் ப்ளூ ஸ்கை சட்டத்துக்குப் பத்து வருஷம் கழித்து. அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் இப்போ ஒரு காகிதத் துண்டு வைத்திருக்கிறேன்.