எந்த எண்ணெய் என்று கேளுங்கள்!
ஆங்கிலத்தின் ஆயில் தொடர்களை ரசிக்க ஒரு கைவிளக்கு

ஆங்கில நாளிதழைப் புரட்டுங்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் ‘மிட்நைட் ஆயில்’ எரிக்கிறான். சண்டையை விலக்கப் போன தலைவர் ‘ட்ரபிள்டு வாட்டர்ஸ்’ மேல் ஆயில் ஊற்றுகிறார். போலி மருந்து விற்பவர் ‘ஸ்நேக் ஆயில்’ வியாபாரி ஆகிறார். பள்ளியில் இவற்றை நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். இவை ரசிக்க வேண்டிய செல்வங்கள். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு தொடரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது எந்த எண்ணெய்?

ஆலிவிலிருந்து தொடங்குங்கள்

ஆயில் என்ற சொல்லே ஆலிவ் மரத்தில் காய்த்ததுதான். கிரேக்கத்தில் ‘எலாயா’ என்றால் ஆலிவ். லத்தீனில் அதன் எண்ணெய் ‘ஓலியம்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிற்பாடு எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவானதைப் போலத்தான் இதுவும். ‘பெட்ரோலியம்’ என்றால் பாறை எண்ணெய். பங்க்கில் நின்று பெட்ரோல் கேட்கிறோமே, அந்தச் சொல்லின் வாலில் இருக்கும் ‘ஓல்’ ஆலிவின் மிச்சம்.

ஆலிவ் எண்ணெய் புனிதமானதும்கூட. ‘கிறிஸ்து’ என்ற பட்டத்தின் பொருளே எண்ணெயால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்பதுதான். 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது பூசிய தைலமும் எருசலேமின் ஒலிவ மலையில் விளைந்த பழங்களிலிருந்து எடுத்தது. அந்தச் சடங்கை யாரும் பார்க்காதபடி திரையிட்டு மறைத்தார்கள். ஆனால் எண்ணெய் பூசுவதைக் குறித்த லத்தீன் வேரிலிருந்தே ‘அங்க்சுவஸ்’ என்ற சொல்லும் வந்தது. குழைந்து குழைந்து முகஸ்துதி செய்பவரை இன்று அப்படிச் சொல்கிறார்கள். மன்னரின் தலையில் மரியாதையான எண்ணெய், பேச்சில் ஒட்டினால் பிசுக்கு. ஒரே பொருளை மொழி இப்படி இரு முனைக்கும் இழுத்திருப்பதைக் கவனிப்பது ரசனையின் முதல் படி.

விளக்கில் எரிந்தது

‘மிட்நைட் ஆயில்’ எரிப்பது என்றால் இரவு வெகுநேரம் கண்விழித்து உழைப்பது. 1635இல் ஆங்கிலக் கவிஞர் ஃபிரான்சிஸ் குவார்ல்ஸ் எழுத்திலேயே இந்தச் சொற்சேர்க்கை இருக்கிறது. கருத்து அதைவிடப் பழையது. கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸின் சொற்பொழிவுகளில் விளக்குத்திரி வாடை அடிக்கிறது என்று ஒருவர் கேலி செய்ததை புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். மேடையில் தானாகப் பொங்காமல், இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய பேச்சு என்பது அந்தக் கேலியின் பொருள்.

ஆமணக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்தவர்கள் நாம். இந்தத் தொடரின் அருமை நமக்குச் சட்டெனப் புரியும். எண்ணெய் காசு கொடுத்து வாங்கியது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் தெருவிளக்கில் எரிந்த திமிங்கில எண்ணெய்க்காகக் கப்பல்கள் கடலோடின. நடுராத்திரியில் விளக்கு எரிந்தால் கண்ணோடு சேர்ந்து கைப்பணமும் கரைந்தது. இந்தச் செலவை நினைத்துக்கொண்டு படித்தால் தொடரின் கனம் தெரியும்.

தண்ணீரிலா, நெருப்பிலா?

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது தமிழில் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் கொந்தளிக்கும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றினால் பொருள் நேர்மாறு: சண்டையைத் தணிப்பது. ஆகவே ஆயில் ஊற்றப்படும் இடத்தில் எல்லாம், எதன்மேல் என்று பார்த்த பிறகே பொருள் கொள்ளுங்கள்.

இது கவிஞர்களின் கற்பனை அன்று, கடலோடிகள் கண்டறிந்தது. ரோமானிய அறிஞர் பிளைனி இதைக் குறிப்பிடுகிறார். 8ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் துறவி பீட் எழுதிய வரலாற்றில், ஆயர் எய்டன் கொடுத்தனுப்பிய புனித எண்ணெயை ஊற்றியதும் புயல் அடங்கியதாக ஒரு நிகழ்ச்சி வருகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1757இல் கப்பலில் போனபோது, உடன் வந்த இரண்டு கப்பல்களின் பின்னால் மட்டும் நீர் வழவழப்பாக இருந்தது. சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்றார் கப்பல் தலைவர். பின்னர் லண்டன் கிளாப்பம் குளத்தில், காற்று வீசி வரும் பக்கத்தில் நின்று ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு கண்ணாடிபோல ஆனது. 1774இல் ராயல் சொசைட்டியின் இதழில் இது வெளியானது. கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் கனம் சுமார் இரண்டரை நானோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மூலக்கூறின் நீளம். அவ்வளவு மெல்லிய படலமே சிற்றலைகளை அமுக்கிவிடுகிறது. காற்றுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கொஞ்சம் நல்ல வார்த்தை பெரிய பூசலைத் தணிக்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தொடர் வேண்டுமா?

பாம்பு இல்லாத பாம்பெண்ணெய்

பொய் மருந்துக்கும் வெற்று வாக்குறுதிக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்நேக் ஆயில்’ என்று பெயர். இதைப் பிரபலமாக்கியவர் கிளார்க் ஸ்டான்லி என்ற அமெரிக்க வியாபாரி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்தின் முன் விரியன் வகைப் பாம்புகளை அறுத்துக் காட்டி மூட்டுவலித் தைலம் விற்றார். 1906இல் அமெரிக்காவில் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. அதன் கீழ் அவரது தைலத்தைச் சோதித்தபோது கிடைத்தவை கனிம எண்ணெய், சிறிது கொழுப்பு, மிளகாய், டர்பன்டைன். பாம்பின் எண்ணெயைக் காணோம். அபராதம் 20 டாலர். ஆகவே இது வெறும் மட்டமான சரக்கைக் குறிக்காது. தெரிந்தே ஏமாற்றுவதைக் குறிக்கும். இந்தச் சொல்லை ஒருவர்மேல் வீசும்போது அது எவ்வளவு கடுமையான குற்றச்சாட்டு என்பதை உணர்ந்து படியுங்கள்.

பூமிக்கடியிலிருந்து

1859 ஆகஸ்ட் மாதம் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் சுமார் 69 அடி துளையிட்டு எண்ணெய் கண்டார். திடீர் அதிர்ஷ்டத்தைச் சொல்லும் ‘ஸ்ட்ரைக் ஆயில்’ அந்த எண்ணெய் யுகத்தின் பிள்ளை. 2006இல் கிளைவ் ஹம்பி என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர், தரவுதான் புதிய ஆயில் என்றார். இங்கே எந்த எண்ணெய்? கச்சா எண்ணெய். சுத்திகரிக்காமல் பயனில்லை என்பதே உட்பொருள். ஆலிவ் என்று நினைத்தால் கருத்தே கலைந்துவிடும்.

சக்கரத்துக்கு இடும் மசகும் உண்டு. கிரீச்சிடும் சக்கரத்துக்கே மசகு கிடைக்கும் என்பார்கள். நம் ஊரில் அழுத பிள்ளை பால் குடிக்கும்.

இனி ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வரும் தொடர் கண்ணில் பட்டால், எந்த எண்ணெய், எங்கே ஊற்றினார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். அதற்குப் பிறகு அகராதியைத் திறங்கள். வீட்டில் பிள்ளைகள் இவற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தால், பொருளோடு கிளாப்பம் குளத்துக் கதையையும் சொல்லிக்கொடுங்கள். தேர்வு முடிந்த பிறகும் மறக்கமாட்டார்கள்.