நடுகல் பெறாத மருத்துவ மகளிர்

தகடூர் நாடு நடுகல் மிக்க நாடு. இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் ஆநிரை மீட்டுப் பட்ட மறவர்க்கு எடுத்த கற்கள் பலவாகக் கிடைத்துள்ளன. கணவனோடு தீப்பாய்ந்த மகளிர்க்கு எடுத்த சதிக்கற்களும் உள. ஆடவன் போரில் மாய்ந்தால் கல் பெற்றான். பெண் அவனோடு மாய்ந்தால் கல் பெற்றாள். பிறர் உயிரைக் காத்த பெண்ணுக்கு இம்மரபில் இடம் யாது? நடுகல்லின் இலக்கணம் சாவு ஆதலின், மருத்துவ மகளிர் அதற்குப் புறம்பாயினர்.

கல் தராத இடத்தைப் பாட்டுத் தந்தது. புறநானூற்று 281ஆம் பாட்டைப் பாடியவர் அரிசில்கிழார். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவரும் அவரே. இப்பாட்டுத் தகடூரைப் பெயர் சுட்டவில்லை. ஆதலின் அப்போரின் நிகழ்ச்சி இது எனத் துணிதல் ஏலாது. எனினும், ஒரு பெரும்போரின் அழிவை அறிந்த புலவர், புண்பட்டோன் கிடக்கும் மனையின் உள்ளே நோக்குகின்றார் என்பது கருதத்தக்கது.

அங்கே பேசுபவள் பெண். அவள் அழைப்பது தோழியை. இரவந்தழையும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன. மையிழுது மெல்லப் பூசப்படுகின்றது. ஐயவி எனும் வெண்சிறுகடுகு சிதறப்படுகின்றது. யாழும் குழலும் மணியும் ஒலிக்கக் காஞ்சி பாடப்படுகின்றது. நறும்புகை மனையெங்கும் பரவுகின்றது. புண்ணோனைப் பேய் தொடாமல் மனைவி காத்தலைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும். இதனை வெறும் பேயச்சம் என்று ஒதுக்குவாரும், முழுதும் மருந்தறிவு என்று போற்றுவாரும் பாட்டைப் பிளந்து காண்கின்றனர். பாட்டில் மருந்தும் காவலும் இசையும் ஒரே செயலாக உள்ளன.

பொருள்களை ஓரிடத்து நிரல்பட வைத்து, காண்போர் அவற்றினூடே நடந்து பொருள் உணருமாறு அமைப்பதை இக்காலத்தார் நிறுவுகலை என்பர். முன்னோராகிய மருத்துவ மகளிரைப் போற்றும் நிறுவுகலை இன்று பல நாடுகளில் எழுகின்றது. அதற்குரிய அமைப்பு இப்பாட்டிலேயே உளது என்பது எம் கருத்து. மனை, தழை, கடுகு, புகை, ஒலி ஆகிய ஐந்தும் ஐம்புலனுக்கும் உரியன. புலவர் அப்பெண்ணின் உருவை வருணித்தாரல்லர். அவள் கைத்தொழிலையே வரிசைப்படுத்தினார். 296ஆம் பாட்டில் வேம்பு ஒடித்தலும் ஐயவி புகைத்தலும் எல்லா மனைகளிலும் நிகழ்கின்றன. எனவே, அஃது ஒருத்தியின் பெருமையன்று, ஓர் ஊரின் அறிவு. ஒரு பெண்ணின் சிலையை நிறுத்தினால் இவ்வுண்மை மறையும்.

ஆயினும் பெயர் மறைதலில் ஒரு கொடுமையும் உண்டு. மருத்துவன் என்பதன் பெண்பாலாகிய மருத்துவச்சி என்னும் சொல் பேறு பார்ப்பவள் என்ற அளவில் சுருங்கிற்று. அத்தொழில் பெரும்பாலும் நாவிதர் குல மகளிர்பால் விடப்பட்டது; உயிரைக் கையில் ஏந்தியவளை ஊர் தாழ்வாக நோக்கிற்று. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அவள் சூலகித்தி; சூல் என்னும் சொல் இருமொழிக்கும் பொது. பாவகட வட்டத்துச் சூலகித்தி நரசம்மா ஊதியம் பெறாது 15,000க்கு மேற்பட்ட பேறுகள் பார்த்தவர். அவருக்கு 2018இல் பத்மசிறீ வழங்கப்பெற்றது; அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். ஒருவர் பெயர் பெற்றார். பெயரின்றி மறைந்தோர் எண்ணிலர்.

ஆகவே, தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் ஓசூரில் இத்தகைய நிறுவுகலை எழுமாயின், அது கல்லால் அமைதல் தகாது. பச்சைத் தழையால் அமைதல் வேண்டும். செருகிய வேம்பு சில நாளில் உலரும். அதனை மாற்ற, தழையறிந்த ஒருத்தி வரவேண்டும். அவள் பெயரும், அவள் அறிந்த தழையின் பெயரும் மும்மொழியிலும் அங்கே எழுதப்படுக. தொழிற்சாலைப் பணி முடித்து வரும் இளம்பெண்கள் அவள்பால் கேட்டறிவாராயின், அதுவே அம்முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகும். நடுகல் முடிந்த வாழ்வைக் காட்டுவது. மருத்துவ மகளிர்க்குரிய நினைவோ தொடரும் அறிவைக் காட்டல் வேண்டும்.