காற்று நிரப்பிய கல்தொட்டி

அமெரிக்காவின் டெக்சாஸ் மலைநாட்டில், பழைய மாட்டுப் பண்ணை ஒன்றில் காற்றாலை கண்ணில் பட்டால், அதன் காலடியைப் பாருங்கள். வட்டமான கல்தொட்டி ஒன்று நிற்கலாம். 1854இல் டேனியல் ஹாலடே காப்புரிமை பெற்ற, காற்றுக்கேற்பத் தானே திரும்பும் காற்றாலையின் வாரிசுகள்தான் அங்கே கிணற்று நீரை மேலே ஏற்றின. ஆனால் காற்று நம் சொல் கேட்காதே! வீசும்போது நிரப்பி, ஓயும்போது கொடுக்கத்தான் தொட்டி.

கல், அந்த மண்ணிலேயே கிடைக்கும் சுண்ணாம்புக்கல். 1846இல் பிரெடரிக்ஸ்பர்க் ஊரை உருவாக்கிய ஜெர்மானியக் குடியேறிகள் வீடு கட்டியதும் அதில்தான். வட்டச் சுவரில் விரிசல் விட மூலை கிடையாது. இரண்டு மீட்டர் ஆழத் தண்ணீர், அடியில் சதுர மீட்டருக்கு 2 டன் அழுத்தும். கல்லோ இழுவிசைக்கு எளிதில் பிளக்கும். ஆகவே சுவருக்குப் பருமன் வேண்டும். மூன்று மீட்டர் விட்டமிருந்தால் சுமார் 14,000 லிட்டர் பிடிக்கும்.

பக்கத்தில் மாடு குடிக்கும் தொட்டி. குடிக்கக் குடிக்க மிதவை இறங்கி வால்வு திறக்கும், கல்தொட்டி நீர் வரும், நிறைந்ததும் மூடிக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

தொட்டியோ வீடோ, பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம் எதுவானாலும் ஒரு வேண்டுகோள்: சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பாதீர்கள். சிமெண்ட் நிற்கும், கல்தான் உதிரும்.