திருமேனியும் நிழற்படமும்

ஓவியமும் சிற்பமும் பயில்வோர் இந்நாளில் விரும்பிக் கற்கும் நூல்களுள், வால்டர் பெஞ்சமின் என்னும் செர்மானிய அறிஞர் இயற்றிய கட்டுரை ஒன்று தலைமை பெற்று நிற்கின்றது. பொறிகளாற் படிகள் பெருகும் காலத்துக் கலைப்பொருளின் நிலை யாதென ஆராயும் அக்கட்டுரை 1935-இல் எழுதப்பெற்று, 1936-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக முதற்கண் வெளிவந்தது. அதனைக் கற்ற சைவ மாணாக்கன் ஒருவன், திருக்கோயிற் படிமங்களின் தெய்வத்தன்மையும் நிழற்படத்தால் தேய்ந்தொழியுமோ என ஐயுறுதல் கூடும். அவ்வையம் ஈண்டு ஆராயப்படும்.

பெஞ்சமின் கொள்கையைச் சுருங்கக் கூறின், ஓரிடத்து ஒருகாலத்து ஒன்றாய் நிற்றலான் மூலப்பொருட்கு ஒரு தனிப்பொலிவு உண்டு. படிகள் பலவாய வழி அது வாடும். வாடவே, வழிபாட்டு மதிப்புக் குறைந்து காட்சி மதிப்பு மேலோங்கும் என்பதாம். அதனை அவர் இழப்பென்று மட்டுங் கருதிற்றிலர். சடங்கினின்றும் கலை பெற்ற விடுதலை எனவுங் கொண்டார்.

இதன்கண் கொள்ளத்தக்க உண்மை ஒன்று உளது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடான் இந்தியா போந்தவர் அல்லர். சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையிலுள்ள திருவாலங்காட்டு நடராசத் திருமேனியை நிழற்படங்களிற் கண்டே அவர் வியந்து எழுதினார். அவ்வெழுத்து, அவர் மறைந்த பின்னர் 1921-இல் அச்சேறியது. அங்கங்களின் வடிவும் அவற்றின்மேற் படர்ந்த ஒளிநிழலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பட்டும் மாலையும் புனைந்து, தீபவொளியில் திருமுகமும் தூக்கிய திருவடியும் தோன்ற அடியார் காணும் காட்சி வேறு. அப்படங்கள் காட்டியது வேறு. எனவே, காட்டுங் கருவி மாறக் காட்சியும் மாறும் என்பது உடன்படத்தக்கதே.

ஆயினும், திருமேனியின் சிறப்பு அதன் தனிமையால் வந்தது எனல் பொருந்தாது. செப்புத்திருமேனி சமைப்போர் மெழுகில் உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகம் வார்த்துப் பின் மண்கருவை உடைத்தெறிவர். ஆதலின் ஒவ்வொன்றும் தனியே பிறப்பது. எனினும் ஆகமம் விதித்த அளவும் இலக்கணமும் பற்றி ஒரே திருவுருவம் ஊர்தோறும் மீள மீள வார்க்கப்படுகின்றது. ஓரூர்த் திருமேனி மூலம், பிறிதோரூர்த் திருமேனி படி என்பார் யாண்டும் இலர். பிரதிட்டையும் மந்திரமும் நாட்பூசையுமே அதனை வழிபடற்கு உரியதாக்குவன. எங்கும் நிறைந்த இறைவன் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்தும், திருவேடத்தும் ஆலயத்தும் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்பன் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்வழிப் பெறப்படும் துணிபு.

இனி, வழிபாடும் காட்சியும் தம்முள் மாறுபடும் என்றதும் ஈண்டுச் செல்லாது. உலாப்போதருந் திருமேனி காட்சி தருதற்பொருட்டே எழுந்தருளுவது. தில்லையில் ஆனித் திருமஞ்சனத்தும் மார்கழித் திருவாதிரையினும் மூலவராகிய கூத்தப்பெருமானே தேரேறி வீதிக்கு வருகின்றார். ஆண்டுக் காட்சி மிகுதலால் வழிபாடு குறைந்தது என்பார் யார்? காட்சியே வழிபாடாய் முடிதலின், அவ்விரண்டனையும் எதிரெதிர் நிறுத்திய பாகுபாடு எந்நாட்டுக்கும் ஒப்பதன்று என்க.

அற்றேல், படம் பெருகியதால் இழப்பொன்றும் இலதோ எனின், உண்டு. அது வேறிடத்து உளது. ஈழத்துத் தமிழ்மரபிற் றோன்றிய ஆனந்த குமாரசாமி, சிவநடனம் பற்றிய தம் கட்டுரையை 1912-இல் சித்தாந்த தீபிகை என்னும் சைவத் திங்களிதழில் வெளியிட்டார். துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய தாள் மறைத்தலையும், தூக்கிய தாள் அருளலையும் உணர்த்தும் என்னும் உண்மைவிளக்கப் பொருள் அதனால் உலகறிந்தது. பின்வந்தோரோ, அணுக்களின் ஆடலுக்கு உவமையாக அக்கூத்தினை எடுத்தாண்டனர். 2004-இல் செனீவா நகரை அடுத்த அணுவாராய்ச்சி நிலையத்தில் நடராச வடிவமும் நிறுவப்பெற்றது. இது பெருமையே. எனினும், இயக்கத்தை மட்டுங் கொண்டு அருளலை நெகிழவிடின், உயிர் பாசம் நீங்கி உய்தற்கென நிகழும் கூத்து உயிரை நோக்காத வெறும் அசைவாய்விடும். வாடியது செம்பின் பொலிவன்று; காண்பானுக்கும் காட்டுவானுக்கும் உள்ள தொடர்பே.

கண் தானே காணாது, உயிர் காட்டக் காணும். உயிரும் தானே அறியாது, இறைவன் காட்ட அறியும். கருவியின் ஆற்றலை மட்டும் ஆராயும் மேனாட்டார் நூல்கள் இவ்விரண்டாம் படியை எட்டவில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. கைப்பேசியில் ஓயாது ஓடும் படங்களைச் சார்ந்த உயிர் அவற்றின் வண்ணமே ஆம். அவற்றிடையே தூக்கிய திருவடி ஒன்று தோன்றி, அதன்கண் நெஞ்சம் நிற்குமாயின் அருள்வண்ணம் ஆம். நிழற்படம் ஆகமவழிப் பிரதிட்டை பெற்ற மூர்த்தம் ஆகாது. நினைவுக்குச் சார்பாதல் அமையும். ஆகலின், கலை பயிலும் மாணாக்கன் அஞ்சத்தக்கது படியின் பெருக்கம் அன்று. பொருளுணராது கடந்துபோகும் பார்வையே என்பது முடிபு.