குளத்தங்கரையில் மரவீடு: ஆசைக்கும் மரத்துக்கும் நடுவில்

எங்க அத்தான் ஓய்வுபெற்ற பணத்தில் தூத்துக்குடிக்கு வெளியே ஒரு குளத்தங்கரையில் இடம் பார்த்திருக்கார். தூணும் உத்தரமும் எல்லாமே மரத்தில். ஆணி அடிக்காம, கழுந்தும் துளையும் பொருத்திச் செய்யணுமாம். "தட்சிணசித்ராவில பாத்தேன் மாப்ள, அதே மாதிரி வேணும்"னு சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல யோசித்ததைத்தான் இங்கே எழுதுறேன்.

முதல்ல தட்சிணசித்ரா. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்தது. லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டி வச்சிருக்காங்க. கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடும் அதில் ஒண்ணு. கழற்றிப் பூட்ட முடிந்ததே மரச்சட்ட வீட்டின் பெருமை. பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்கிக்கும், சுவர் வெறும் மறைப்புதான். நான் மூணு முறை போயிருக்கேன். இன்னும் போவேன்.

ஆனா எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு வீட்டை அதன் ஊரிலிருந்து எடுத்து வைக்கும்போது வடிவம் கூட வருது, காரணம் பின்தங்கிடுது. கோட்டயத்தில் வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. அதனால்தான் அந்தச் சரிந்த கூரை, நீண்ட இறவாணம். மரம் பக்கத்து மலையில் கிடைத்தது, ஆசாரி பக்கத்துத் தெருவில் இருந்தார். நம்ம மாவட்டத்தில் மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். மீதி நாளெல்லாம் வெயிலும் உப்புக்காத்தும். அருங்காட்சியகத்தில் கரையானைக் கவனிக்கச் சம்பள ஆள் உண்டு. அத்தானுக்கு அக்காவும் ஒரு துடைப்பமும்தான். பார்க்கிறவன் மனசில் நிற்பது படம், பராமரிப்பு நிற்கிறதில்லை.

நம்ம ஊருக்கு மரவேலை தெரியாதான்னா, நல்லாத் தெரியும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திப்போன தோணிகள் இங்கே கட்டினவை. ஏரா வச்சு, வளைந்த மரமாத் தேடி வங்கு வச்சு, பலகை அடிச்சு, இடுக்கில் பஞ்சு திணிச்சுக் கலப்பற்று பார்த்து முடிக்கிற வேலை. வீட்டுச்சட்டத்தைவிடக் கஷ்டமான தச்சு அது. தோணி வேலை பார்த்த வயசான ஓடாவி ஒருத்தர்கிட்ட அத்தானைக் கூட்டிப்போனேன். அவர் கேட்டுட்டுச் சிரிச்சார். "கடல்தண்ணி மரத்தை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது தம்பி. மழைத்தண்ணிதான் கெடுக்கும். அதைவிட மோசம், நனைஞ்சு காயறது."

கப்பல்புழு வேற கதை. ஆனா உளுத்துப்போறதைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பூஞ்சைக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். எப்பவும் முழுகிக் கிடக்கிற மரம் தப்பிச்சுக்கும், எப்பவும் காய்ந்த மரமும் தப்பிச்சுக்கும். மாறி மாறி நனையிற இடம்தான் முதல்ல போகும்.

இங்கதான் 'ஏரிக்கரை வீடு' என்கிற கனவின் ஓட்டை தெரியுது. படத்தில் வர்ற வெளிநாட்டு ஏரியில் தண்ணி மட்டம் பெரிசா மாறாது. நம்ம குளம் ஏரியே இல்ல, அது ஒரு பாசனக் கருவி. கரை, மடை, கலிங்கு மூணும் சேர்ந்ததுதான் குளம். கார்த்திகையில் நிரம்பும், சித்திரையில் வெடிச்சுக் கிடக்கும். அப்போ 'கரையில் வீடு'ன்னா எந்தப் பக்கம்? உள்பக்கம்னா நீர்ப்பிடிப்பு, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச்சட்டம் வந்தாச்சு. வெளிப்பக்கம்னா கரை உடைந்தால் தண்ணி பாயிற வழி. 2023 டிசம்பர் 17, 18-ல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டமெங்கும் குளங்கள் உடைந்தன. கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற மரத்தூணை அந்த மாதிரித் தண்ணி தூக்கவே பார்க்கும். தோணிக்கு மிதக்கிறது குணம், வீட்டுக்கு அது ஆபத்து.

இதைப் படிச்சிட்டு 'அப்போ நம்ம பழைய வீடுதான் சரி'ன்னு முடிவு கட்டிடாதீங்க. இந்தக் கரையின் பழைய வீடுகள் பலதும் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அதாவது பவளப்பாறையைக் கடலிலிருந்து பெயர்த்து எடுத்த கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ரெண்டு கடலுக்குள்ள போனதுக்கு அந்தக் கல்லெடுப்பும் ஒரு காரணம்னு சொல்றாங்க. நம்ம மரபு என்பதாலேயே ஒரு வீடு நல்ல வீடு ஆயிடாது. அதோட ஒப்பிட்டா மரத்துக்கு நியாயம் உண்டு. வெளிநாட்டுத் தடி நம்ம துறைமுகத்திலேயே இறங்குது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கும் கிடைக்கும்.

அதனால் அத்தானுக்கு நான் சொன்னது மரம் வேண்டாம்னு இல்ல, அந்த இடம் வேண்டாம்னு. வாங்கறதுக்கு முன்னாடி புலப்படம் பாருங்க. கலிங்கு மட்டம் எவ்வளவுன்னு பாருங்க. 2023-ல் தண்ணி எவ்வளவு உயரம் நின்னுதுன்னு பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்க, கறை இன்னும் இருக்கும். மேடான இடத்தில், கருங்கல் பீடத்துக்கு மேலே, தூணைக் கீழோடு இறுக்கிப் பூட்டினா மரவீடு நிற்கும்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "குளம் தெரியாதே மாப்ள"ன்னார்.

"தெரியும் அத்தான். நடந்து போகணும், அவ்வளவுதான்."

இன்னும் முன்பணம் கொடுக்கலை. அது வரைக்கும் சந்தோஷம்.